பிள்ளைக்கு வேடம் கட்டுவோம். மேனியைக் கெடுக்க வேண்டாம்

ஆவணி பிறந்தால் கேரளத்தில் வேடம் கட்டும் காலமும் பிறந்துவிடுகிறது. அஷ்டமி ரோகிணியன்று தெருத்தெருவாகக் குட்டிக் கண்ணன்களும் ராதைகளும் ஊர்வலம் போகிறார்கள். அத்தம் நாளில் திருப்பூணித்துறை அத்தச்சமயத்தில் புராண வேடங்கள் நடந்து வருகின்றன. ஓணத்தையொட்டித் திருச்சூரில் புல்லுடையும் மரமுகமூடியுமாகக் கும்மாட்டிகள் ஆடுகின்றன. நவம்பர் 14 குழந்தைகள் தினம் வந்தால் பள்ளிக்கூடங்களில் மாறுவேடப் போட்டி. டிசம்பர் கடைசியில் போர்ட் கொச்சியில் கார்னிவல். இது போதாதென்று, அக்டோபர் 31ந் தேதி மேல்நாட்டார் கொண்டாடும் 'ஹாலோவீன்' என்னும் பேய் வேடத் திருநாளும் நகரத்துப் பெரிய கடைகளில் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது.

ஏலூரிலும் களமசேரியிலும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள், மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர்கள், எறணாகுளம் அலுவலகங்களில் குமாஸ்தாவாக இருப்பவர்கள் என்று எல்லாத் தமிழ்க் குடும்பங்களிலும் இந்தப் பேச்சு ஒருநாள் வந்தே தீரும். "அம்மா, வெள்ளிக்கிழமை வேஷம் கட்டிட்டு வரணுமாம். டீச்சர் சொல்லிட்டாங்க." பிள்ளை இதைச் சொல்வது பெரும்பாலும் புதன்கிழமை இரவில்தான்.

கையில் காசு இருக்கிறவர்கள் வாடகை உடை எடுக்கிறார்கள். இல்லாதவர்கள், "அன்னைக்கு லீவு போட்டுடு" என்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் பழைய வேட்டி, அப்பாவின் பழைய சட்டை, சோறு வடித்த கஞ்சி, படித்து முடித்த செய்தித்தாள் ஆகியவற்றைக் கொண்டே நல்ல வேடம் கட்டலாம். பணம் மிச்சம் என்பது மட்டுமல்ல. வாடகை உடையும் மட்டமான சாயமும் சில வேளை பிள்ளையின் மேனியைக் கெடுத்துவிடுகின்றன. அதையும் தவிர்க்கலாம்.

நமக்குப் புதிதா?

வேடம் கட்டுவது தமிழனுக்குப் புதிதல்ல. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவை அறியாத தென்பாண்டிக்காரர் இருக்க முடியாது. காளி, ராஜா, குறவன், போலீஸ்காரர், கரடி, குரங்கு என்று நேர்த்திக்கடனாக வேடம் புனைந்து, வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயில் உண்டியலில் சேர்க்கிறார்கள். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு வேண்டிக்கொண்டவர்கள் வேடமிட்டுத் தோற்பையில் தண்ணீர் சுமந்து பீய்ச்சுகிறார்கள். இந்த வேடங்களில் பலவும் ஊர்த் தையற்காரரும் வீட்டுப் பெண்களும் தைத்தவைதான்.

ஹாலோவீன் கதையிலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அது அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்துப் பழைய வழக்கம். டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். 1845ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போதும் அதன் பிறகும் லட்சக்கணக்கான அயர்லாந்துக்காரர்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அங்கே பூசணி தாராளமாகக் கிடைத்தது, கிழங்கைவிடப் பெரியது, குடைவதும் சுலபம். ஆகவே பூசணியே ஹாலோவீனின் அடையாளமாகிவிட்டது. பிழைக்கப் போனவர்கள் ஊர் வழக்கத்தை விட்டுவிடவில்லை; போன இடத்தில் கிடைத்ததைக் கொண்டு நடத்தினார்கள். புது வீட்டு வாசலில் பூசணிக்காயில் பூதமுகம் வரைந்து கட்டும் நமக்கு இது எளிதில் விளங்கும்.

அரிதாரம் என்றால் என்ன?

1947ல் அம்மோனியம் சல்பேட் உரம் தயாரிக்கத் தொடங்கிய ஃபாக்ட் கம்பெனியால்தான் ஏலூர் வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது. ஆனால் உரத்தோடு கதகளியும் அங்கே வளர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1960களில் கம்பெனியின் தலைமையில் இருந்த எம்.கே.கே. நாயர் கதகளிப் பிரியர். அவர் ஆதரவால் உத்யோகமண்டலில் கதகளி வேரூன்றியது. ஃபாக்ட் பத்மநாபன், ஃபாக்ட் மோகனன் என்று கலைஞர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் கம்பெனி பெயரைத் தாங்கியது அப்படித்தான்.

கதகளி முகத்தின் பச்சை நிறம் எதனால் ஆனது? 'மனயோலை' என்று மலையாளத்தில் சொல்லும் மஞ்சள் கனிமத்தையும் நீலத்தையும் தேங்காயெண்ணெயில் அரைத்தது. சிவப்பு, 'சாயில்யம்'. அதுதான் நம் சித்த வைத்தியர்கள் சொல்லும் சாதிலிங்கம். மஞ்சள் கனிமத்தின் தமிழ்ப் பெயர் அரிதாரம். வேடத்துக்குப் பூசுவதையெல்லாம் 'அரிதாரம்' என்று நாம் சொல்வது இந்தக் கல்லின் பெயரால்தான். அரிதாரத்தில் இருப்பது ஆர்சனிக் என்னும் நஞ்சு. சாதிலிங்கத்தில் இருப்பது பாதரசம்.

ஆண்டுக்கணக்கில் பயின்ற கலைஞர் எதை எவ்வளவு பூசவேண்டும், எப்படித் துடைக்கவேண்டும் என்று அறிந்து செய்கிறார். ஆறு வயதுப் பிள்ளையின் கதை வேறு. அதன் தோல் மெல்லியது. கை ஓயாமல் வாய்க்கும் கண்ணுக்கும் போகும். ஆகவே நாடகச் சாயம், பெயர் போடாத பொட்டலத்தில் வரும் வண்ணப் பொடி, சுவருக்கு அடிக்கும் வெள்ளிப் பெயின்ட், தங்கப் பெயின்ட் ஆகிய எதுவும் பிள்ளையின் முகத்துக்கு ஆகாது. செந்தூரப் பொடிகள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதாக அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கண்ணுக்குள் இடும் சுர்மா வகைகளிலும் ஈயம் இருப்பதுண்டு.

சில பெற்றோர் கண்ணன் வேடத்துக்குத் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து உடம்பு முழுவதும் பூசுகிறார்கள். அது வெள்ளைத் துணிக்காகச் செய்தது, பிள்ளைக்காக அல்ல. வியர்வையில் வழிந்து கண்ணில் இறங்கினால் எரியும். கண்ணன் நீலம் என்று காட்டவேண்டுமானால் நீல பனியன் ஒன்று போதும்.

முகத்துக்கு வேண்டியதைச் சமையலறையிலேயே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைக்கு நைசாக அரைத்த அரிசி மாவு. மஞ்சளுக்குச் சமையல் மஞ்சள் ஒரு சிட்டிகை. கன்னச் சிவப்புக்குப் பீட்ரூட் சாறு இரண்டு சொட்டு. மீசைக்கு, நல்லெண்ணெய் விளக்கின் மேல் கவிழ்த்த தட்டில் படிந்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் போதும். இவற்றையும் முதல்நாளே முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பது நல்லது. மறுநாள் காலையில் சிவந்தோ அரித்தோ இருந்தால் அதைத் தள்ளிவிட வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, பயத்தமாவு போட்டுக் கழுவினால் முகம் சுத்தமாகிவிடும்.

எந்த வேடம்?

வேடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. இரண்டே விஷயம் பார்க்கவேண்டும். பிள்ளைக்கு அந்த வேடத்தில் விருப்பம் இருக்கவேண்டும். இரண்டு மணி நேரம் போட்டிருந்தாலும் உடம்பு தாங்கவேண்டும். கொச்சிப் புழுக்கத்தில் பட்டும் வெல்வெட்டும் சுற்றி, மேலே அட்டைக் கவசமும் கட்டினால், முறை வருவதற்குள் பிள்ளை சோர்ந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முகத்தில் கறுப்பு மை பூசி, கிழிந்த துணி கட்டி, பிச்சைக்காரன், நாடோடி, காட்டுவாசி என்று நிறுத்திச் சிரிக்கவைப்பது பல மேடைகளில் பழகிப்போன ஒன்று. பிழைக்க வந்த இடத்தில் பேச்சையும் உடையையும் பார்த்துச் சிரித்தால் எப்படி வலிக்கும் என்பது வெளியூர்த் தமிழனுக்குத் தெரியும். நம் பிள்ளைக்கு அந்த வேடம் வேண்டாம்.

பாரதியார் இருக்கிறார், அவ்வையார் இருக்கிறார், கட்டபொம்மன், வ.உ.சி., வேலு நாச்சியார் இருக்கிறார்கள். இவர்களில் செலவு மிகக் குறைந்த வேடம் பாரதியார். வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, மீசை, நெற்றியில் ஒரு பொட்டு. இவ்வளவு இருந்தால் மலையாளப் பிள்ளைகளும் அடையாளம் கண்டுகொள்வார்கள். டிசம்பர் 11 அவர் பிறந்தநாள் (1882) என்பதால் தமிழ்ச் சங்க விழாவுக்கும் அதே உடை உதவும்.

தலைப்பாகை

போர்ட் கொச்சி டோபிகானாவில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வருகின்றன. சோற்றுக் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்த வேட்டி அங்கே அட்டைபோல விறைத்து நிற்கும். அந்தக் கஞ்சிதான் இந்தத் தலைப்பாகையின் ரகசியம்.

பிள்ளையின் தலைச்சுற்றளவை நூலால் அளக்கவேண்டும். ஐந்தாறு வயதில் ஏறக்குறைய 20 அங்குலம் இருக்கும். அதைவிட ஓர் அங்குலம் கூடுதலான சுற்றுள்ள பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்ள வேண்டும். பழைய எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் ஒரு பாதி போதும். அதைக் கெட்டிக் கஞ்சியில் நனைத்துப் பிழிந்து, லேசாக முறுக்கிப் பாத்திரத்தின்மேல் சுற்றவேண்டும். உச்சியை மூடுவதற்கு முதலில் ஒரு துண்டுத் துணியைப் போர்த்திக்கொண்டால் தொப்பி போல அமையும். பின்பக்கம் ஒரு சாண் வால் தொங்கட்டும். நல்ல வெயிலில் ஒரு பகல் காய்ந்தால் போதும். மழை நாளானால் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். காய்ந்ததும் நாலைந்து இடத்தில் வெள்ளை நூலால் தைத்துவிட்டால் அவிழாது. உள்ளே பழைய பனியன் துணியில் ஒரு பட்டை வைத்துத் தைத்தால் வியர்வையை வாங்கிக்கொள்ளும், நெற்றியும் அறுக்காது.

கோட்டு

அப்பாவின் பழைய கறுப்பு அல்லது கருநீல முழுக்கைச் சட்டையே கோட்டு. கத்தரிக்கோல் வேண்டாம். சட்டையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் பிள்ளைக்குப் போட்டு, இரண்டு தோளிலும் ஒரு மடிப்புப் பிடித்து ஊக்குக் குத்தவேண்டும். பக்கவாட்டில் இரண்டு புறமும் அளவுக்குப் பிடிக்கவேண்டும். கை நீளத்தை உள்ளே மடிக்கவேண்டும். கீழ்ப்பக்கம் தொடைக்கும் முழங்காலுக்கும் நடுவில் நிற்கும்படி மடிக்கவேண்டும். பிறகு கழற்றி, ஊக்குக் குத்திய இடமெல்லாம் நீளநீளமாக ஓட்டுத் தையல் போட்டு, ஊக்குகளை எண்ணி எடுத்துவிட வேண்டும். காலரை உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் மூடிய கழுத்துக் கோட்டு ஆகிவிடும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் கடைக் கோட்டு தோற்றுப்போகும். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் தையலைப் பிரித்தால் சட்டை பழையபடி அப்பாவுக்கு.

கீழே வெள்ளை வேட்டி. சின்னப் பிள்ளைக்கு வேட்டி இடுப்பில் நிற்காது. உள்ளே ஒரு நாடா கோத்து, கால்சட்டையின்மேல் கட்டிவிட வேண்டும். கணுக்காலுக்கு மேலேயே வேட்டி நிற்கவேண்டும். தடுக்கி விழாமல் இருக்க அதுதான் வழி.

கண்ணனுக்கு

கண்ணன் வேடத்துக்கு அம்மாவின் பழைய மஞ்சள் சேலைத் தலைப்பே பீதாம்பரம். கிரீடத்துக்குக் கடையில் எறியும் அட்டைப்பெட்டி போதும். தலைச்சுற்றளவோடு ஓர் அங்குலம் சேர்த்துப் பட்டை வெட்டி, முன்பக்கம் ஐந்து அங்குல உயரம் விட்டுப் பக்கவாட்டில் இரண்டு அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம். தங்கத் தாள் எறணாகுளம் பிராட்வே கடைத்தெருவில் கிடைக்கும். ஓரத்துக்குப் பழைய சேலை ஜரிகையை ஒட்டலாம்.

மயிற்பீலி விஷயத்தில் சட்டம் ஒன்று உண்டு. 1963ல் மயில் நமது தேசியப் பறவையானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கொல்வதைக் கடுங்குற்றமாக்கியது. தானாக உதிர்ந்த பீலியை உள்நாட்டில் வைத்திருப்பதற்குத் தடையில்லை. ஒரே ஒரு பீலி போதும். அதுவும் கிடைக்காவிட்டால் பச்சைத் தாளில் வெட்டி, நடுவில் நீலக் கண் ஒட்டினால் தூரத்தில் வித்தியாசம் தெரியாது.

புல்லாங்குழலைப் பிள்ளை வாயில் வைத்தபடி நடக்க விடக்கூடாது. கால் தடுக்கினால் தொண்டையில் குத்திவிடும். இடுப்பில் செருகிவிட்டு, மேடையில் நின்ற பிறகு எடுக்கச் சொல்லவேண்டும். கழுத்து மணிகளைத் தடித்த நைலான் நூலில் கோக்க வேண்டாம். எதிலாவது மாட்டினால் உடனே அறுந்துவிடும் மெல்லிய பருத்தி நூல்தான் பாதுகாப்பு. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு உதிரும் மணி எதுவும் வேண்டாம்.

முகமூடி

பேயோ புலியோ பூசணியோ, முகமூடிக்கு இந்தச் செய்தித்தாளே போதும். ஒரு கப் மைதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நாலு கப் கொதிநீரில் ஊற்றிக் கிளறினால் பசை தயார். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். பிள்ளை முகத்தில் வைக்கும் பொருளுக்கு அதைப் போடவே கூடாது; அது விஷம்.

ஊதிய பலூனின்மேல் தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துப் பசையில் தோய்த்து ஒட்டவேண்டும். கத்தரிக்க வேண்டாம், கிழித்த ஓரம்தான் படிந்து ஒட்டும். முதல் வரிசை நீளவாக்கில், அடுத்தது குறுக்கே என்று மாற்றி மாற்றி நாலு வரிசை. வழவழப்பான வண்ணத் தாள் பசையை இழுக்காது. சாதாரணப் பக்கமே நல்லது. காய்ந்ததும் பலூனை உடைத்து, பாதியாக வெட்டினால் இரண்டு முகமூடி.

கண் துளை பெரிதாக இருக்கவேண்டும். மூக்குக்கும் வாய்க்கும் தாராளமாகக் காற்று வரவேண்டும். இன்னும் நல்லது, முகமூடியை நெற்றிக்கு மேலே தொப்பி போலக் கட்டிவிடுவது. பிள்ளைக்குப் பார்வை மறையாது, மூச்சு முட்டாது, பார்க்கிறவர்களுக்கும் பிள்ளையின் முகம் தெரியும்.

கம்பெனிச் சாக்கு வேண்டாம்

ஏலூர் வட்டாரத்துக்கென்று தனியாகச் சொல்லவேண்டியது இது. முனிவர், மரம், கரடி வேடங்களுக்குச் சாக்குத் துணி வாகானது. ஆனால் எந்தச் சாக்கு? டி.டி.டி., எண்டோசல்ஃபான் போன்ற பூச்சிமருந்துகள் தயாரான ஊர் இது. எண்டோசல்ஃபானை 2011ல் சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுவதும் தடை செய்தது. உரம், ரசாயனப் பொடி, பூச்சிமருந்து ஏற்றிய சாக்கும் பிளாஸ்டிக் பையும் எத்தனை முறை துவைத்தாலும் இழைக்குள் மிச்சம் நிற்கும். அதைப் பிள்ளையின் வெற்றுடம்பில் சுற்றுவது ஆபத்து. அரிசிச் சாக்குதான் எடுக்கவேண்டும். அதையும் வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டு, உள்ளே பருத்திச் சட்டை போட்ட பிறகே கட்டவேண்டும்.

தீயும் கவனம்

2014ல் இங்கிலாந்தில் ஒரு சிறுமியின் ஹாலோவீன் உடையில் மெழுகுவர்த்தித் தீ பற்றிக் கடுமையான காயம் ஏற்பட்டது. கடையில் விற்கும் வேட உடைகள் எவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்கின்றன என்ற கேள்வி அதன் பிறகு அங்கே பெரிதாக எழுந்தது. இங்கே மேடைதோறும் குத்துவிளக்கு எரிகிறது. நைலான் உடை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். அவ்வையாருக்கும் முனிவருக்கும் ஒட்டும் பஞ்சுத் தாடியும் பஞ்சு முடியும் நொடியில் பற்றிக்கொள்ளும். வெள்ளைக் கம்பளி நூல் அவ்வளவு எளிதில் பற்றாது. எதுவானாலும் விளக்குப் பக்கம் பிள்ளையை விடாமல் பெரியவர் ஒருவர் கூடவே நிற்கவேண்டும். டிசம்பர் 31 நள்ளிரவு போர்ட் கொச்சியில் 'பப்பாஞ்ஞி' என்னும் கிழவன் பொம்மையைக் கொளுத்தும்போது கூட்டம் நெரியும். வேடம் கட்டிய பிள்ளையை அங்கே அழைத்துப் போவதைவிட, ஜனவரி 1ந் தேதி பகலில் நடக்கும் கார்னிவல் ஊர்வலத்தைக் காட்டுவது மேல்.

நாலு வார்த்தை தமிழில்

உடை முடிந்தது, இனிப் பேச்சு. மாறுவேடப் போட்டியில் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். தான் யார் என்பதை முதலில் மலையாளத்தில் ஒரு வரி சொல்லட்டும். பிறகு நாலு வரி தமிழில் சொல்லட்டும். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுவார்கள்; எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் பேசுவதையே வெளியில் பேசக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு. தலைப்பாகை கட்டியபடி, எல்லோர் முன்னாலும், தமிழை உரக்கச் சொல்லிக் கைதட்டு வாங்கிய பிள்ளைக்கு அந்தக் கூச்சம் குறையும். அந்த நாலு வரியை அம்மா எழுதிக் காட்டி, பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்தால், நாலு நாளில் சில எழுத்துக்களும் கூடவே வந்துவிடும்.

இரவு ஷிப்டு முடிந்து வரும் தகப்பனார் பசை கிளறலாம். தாயார் தையல் போடலாம். பிள்ளை தாள் கிழிக்கட்டும். பசையில் கையை நனைக்கட்டும். கோணலாக ஒட்டினாலும் பரவாயில்லை. பரிசு கிடைப்பதும் கிடைக்காததும் நடுவர் கையில். போட்டி முடிந்ததும் தலைப்பாகையை நாப்தலின் உருண்டை போடாமல், வேப்பிலை போட்டுப் பெட்டியில் வைத்தால் அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஆகும்.